இடியக்கா கேட்ட இரண்டாவது குண்டு

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களுக்கும், அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் முன்னாள் இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவருக்கும் இரண்டு மகள்களுக்கும் எந்த வாயால் வணக்கம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நிற்கும் பணிமனை நண்பர்களே, அனுமதி வாங்காமல் வேலை நேரத்தில் எழுந்து வந்திருக்கும் என் பிரிவைச் சேர்ந்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"சுருக்கமா, நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்று காதில் சொல்லித்தான் என்னை ஒலிபெருக்கிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்லதாகத்தான் பேசப்போகிறேன். சுருக்கமாகப் பேச முடியுமா என்பதுதான் சந்தேகம்.

இதோ என் பின்னால் அவருடைய படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே 'நிறுவனத்தின் பெருமை' என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய மலர்வளையம் வைத்திருக்கிறார்கள். நல்லது. இந்தப் படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய வீட்டிலிருந்து வந்தது. இந்தக் கட்டடத்தில் தேடினார்கள். நூலகத்தில் தேடினார்கள், ஆண்டு மலர்களில் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் நிறுவனம் விருது வாங்கியபோது எடுத்த படம் வரவேற்பறையில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அதில் எல்லோரும் இருக்கிறார்கள். விருது வாங்கிக் கொடுத்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் மட்டும் இல்லை. நிறுவனத்தின் பெருமையை அதன் நிழல்கூடப் படாத இடத்தில் வைத்திருந்த சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

உங்களில் பலர் அவரை முனைவர் என்றும் மூத்த விஞ்ஞானி என்றும் இப்போது சொன்னீர்கள். எங்களுக்கு அவர் இடியக்கா. அந்தப் பெயரை வைத்தது உணவகத்தில் தட்டு கழுவுகிறவர். அக்காவின் ஆய்வகத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் வரிசை அதை ஒரே மூச்சில் கொட்டும்போது ஒரு சத்தம் கேட்கும். அடுத்த கட்டடத்தில் இருக்கும் உணவகத்தில் டம்ளர்கள் நடுங்கும். "இடியக்கா இன்னிக்கு வேலைக்கு வந்துட்டாங்க" என்பார் அவர். பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் அது பிடித்திருந்தது. "முனைவர்னு நிறைய பேர் இருக்காங்க, இடி நான் ஒருத்திதான்" என்பார்.

நான் அதே ஆய்வகத்தின் உயர் மின்னழுத்தப் பிரிவில் இருக்கிறேன். அவர் கேட்கும் மின்சாரத்தைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. அவர் லேசான மனுஷி இல்லை. இறந்தவர் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டார். அவருடைய அறைக்குள் நுழைந்தால் இடது கை சட்டைப் பைக்குள் போய்விட வேண்டும். ஒரு கை மின்சாரத்தைத் தொட்டாலாவது பிழைக்க ஒரு வழி உண்டு. இரண்டு கையும் தொட்டால் அது நெஞ்சு வழியாகப் போகும். அதனால் இந்தச் சட்டம். ஒருமுறை அமைச்சகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார்.

"சார், ஒரு கைய பைக்குள்ள போடுங்க."

"என் சட்டைல பையே இல்லையேம்மா."

"அப்போ வெளிய நின்னு பாருங்க சார்."

அதிகாரி வெளியே நின்றுதான் பார்த்தார். கூட வந்த நம் அப்போதைய இயக்குநருக்கு முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அவர் என்ன கண்டுபிடித்தார்? இங்கே பேசியவர்கள் 'அதிநவீன', 'உலகத் தரம்' என்றெல்லாம் சொன்னார்கள். என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய மகள்களுக்காகவாவது நான் சொல்கிறேன்.

ஒரு தோட்டா கவசத் தகட்டில் மோதுகிறது. அந்த நொடியில் தகட்டுக்குள் என்ன நடக்கிறது? வெளியே கேமரா வைத்தால் தீப்பொறியும் புகையும்தான் தெரியும். உள்ளே பார்க்க எக்ஸ்ரே வேண்டும். ஆனால் மருத்துவமனை எக்ஸ்ரேவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். தோட்டா நமக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமா? அதனால் அக்கா ஒரு எக்ஸ்ரேயைச் செய்தார். அது கண்ணிமைக்கும் நேரத்தை லட்சம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டைவிடச் சின்ன நேரத்துக்குத்தான் எரியும். பிலிமைக் கழுவிப் பார்த்தால் தோட்டா தகட்டுக்குள் பாதி நுழைந்து, மூக்கு நசுங்கி, அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

அதோடு முடியவில்லை. இவ்வளவு சின்ன வெளிச்சத்தை எந்தக் கணத்தில் கொளுத்துவது? துளி முன்னால் கொளுத்தினால் தோட்டா இன்னும் வந்து சேர்ந்திருக்காது. துளி பிந்தினால் எல்லாம் சிதறிப்போயிருக்கும். மாதக்கணக்கில் வெறும் தகட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். விடை அவருக்குக் கிடைத்தது வீட்டுச் சமையலறையில். மகள்கள் இருவரும் வெளிச்சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே காய் நறுக்கிக்கொண்டே, "ஜன்னல் பக்கத்துல அடிக்காதே, தள்ளிப் போ" என்று கத்தியிருக்கிறார். பெரியவள் ஓடி வந்து கேட்டிருக்கிறாள். "எப்படிம்மா பார்த்தே?"

"பார்க்கலடி. காதுல விழுந்துச்சு."

சொல்லிவிட்டு அப்படியே கத்தியைக் கீழே வைத்தாராம். அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை என்று அவருடைய கணவர் என்னிடம் சொன்னார். சுவர் தன்மேல் அடி விழுந்த இடத்தைச் சொல்கிறது என்றால், தகடு சொல்லாதா? தகட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டினார். அடி விழுந்தால் அதில் துளி மின்சாரம் பிறக்கும். நான்கு மூலைக்கும் அது வந்து சேரும் வேளையை ஒப்பிட்டால், தோட்டா எங்கே மோதியது, எப்போது மோதியது இரண்டும் தெரிந்துவிடும். அந்தத் துளி மின்சாரமே எக்ஸ்ரேயைக் கொளுத்திவிடும். தோட்டா தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இதுதான் அவர் செய்தது. இதற்குத்தான் விருது.

இப்போது அந்தச் சோதனை நாளுக்கு வருகிறேன்.

வங்கிப் பண வண்டிகளில் போகும் காவலர்களுக்குக் கவசச் சட்டை வாங்குவதாக இருந்தார்கள். சட்டைக்குள் வைக்கும் தகட்டை நம்மிடம் சோதனைக்கு அனுப்பினார்கள். விதிப்படி ஒரு தகட்டில் ஒரு தோட்டா. சுட்டோம். தோட்டா நின்றது. தகட்டின் முகத்தில் சின்னக் குழிதான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா கை தட்டவில்லை. பிலிமைக் கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே முழுசாக இருந்த தகடு உள்ளே கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி மூலைக்கு மூலை வெடித்திருந்தது. அதே தகட்டை மறுபடி நிறுத்தி, முதல் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுடச் சொன்னார். இரண்டாவது குண்டு தகட்டைத் துளைத்து, பின்னால் உடம்புக்குப் பதிலாக வைத்திருந்த களிமண்ணையும் துளைத்து, மணல் மூட்டையில் போய்த்தான் நின்றது.

அப்போதைய இயக்குநரின் அறையில் நடந்த பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவரும் இதே மேடையில் இருக்கிறார். நான் ஒரு சொல் மாற்றிச் சொன்னாலும் அவர் எழுந்து திருத்தலாம்.

"ஒரு குண்டு நிக்குதான்னுதான் கேட்டாங்க. நின்னுச்சு. அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"சார், சுடறவன் ஒரு குண்டோட நிறுத்திக்குவேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கானா?"

"உள்ள பார்க்கச் சொல்லி யாரு கேட்டது?"

"எக்ஸ்ரே வேற எதுக்கு சார் இருக்கு?"

திருத்த எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

தகடு தேறியது என்று அறிக்கை போனது. அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். சட்டைகள் வாங்கப்பட்டன. அக்காவை என்ன செய்தார்கள்? வேலையை விட்டு நீக்கினார்களா? இல்லை. அது முரட்டுத்தனம். நம் நிறுவனம் நாகரிகமானது. அவருடைய இயந்திரத்தை நிறுத்தினார்கள். பார்வையாளர் கூடத்துக்கு அதை இழுத்துவந்து, முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, ஒரு பலகை வைத்தார்கள். பலகையில் கண்டுபிடித்தவர் என்று அந்த இயக்குநரின் பெயர் முதலில் இருந்தது. அக்காவின் பெயர் 'மற்றும் குழுவினர்' என்பதற்குள் எங்கோ இருந்தது. பிறகு அக்காவையே அந்தக் கூடத்துக்கு வழிகாட்டியாக மாற்றினார்கள். தான் செய்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவருக்கு அதை விளக்கிச் சொல்வது அவர் வேலை. இதைவிட நுட்பமாக ஒரு மனுஷியை அவமானப்படுத்த முடியுமா? அதற்கும் ஒரு கண்டுபிடிப்பு விருது தரலாம்.

அவர் அழுதார் என்று நினைக்கிறீர்களா? தினமும் நேரத்துக்கு வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கினார். ஒரு நாள் ஒரு பார்வையாளர் கேட்டாராம், "இதைக் கண்டுபிடிச்சவங்க இன்னும் உயிரோட இருக்காங்களா?" அக்கா சொன்னது: "இருக்காங்க. பக்கத்துல நிக்கறவங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். பார்த்துக்கொண்டேன் ஐயா. தொடர்கிறேன்.

பிறகு ஒரு நாள் கொள்ளையர்கள் ஒரு பண வண்டியை வழிமறித்தார்கள். காவலர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி நின்றார். அவர் மேல் நம் சோதனையில் தேறிய சட்டை இருந்தது. முதல் குண்டு நெஞ்சில் பட்டது. அவர் விழவில்லை. கூட இருந்த ஓட்டுநர் பிறகு சொன்னார், "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, சட்டை தாங்கிடுச்சு, நீ வண்டிய எடு" என்று அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம். சட்டையை நம்பினார். நம்பிய ஆள் ஒதுங்கவில்லை, குனியவில்லை. இரண்டாவது குண்டு வந்தது.

கேளுங்கள். முதல் குண்டோடு அந்தச் சட்டை தன் வேலையை முடித்துக்கொண்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் வண்டிக்குப் பின்னால் போயிருப்பார். அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்குத் தெரியும்.

அவருடைய மனைவி நம் வாசலுக்கு வந்தார். காவலறையில் தடுத்தார்கள். அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார். முன் அனுமதி கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்துவிட்டார். எல்லோரும் நகர்ந்த பிறகும் கயிற்றுக்கு முன்னால் நின்றார். வழிகாட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் போட்டிருந்த சட்டைய இந்த மெஷின்லதான் பார்த்தீங்களாம்மா?"

அக்கா, "ஆமாம்மா" என்றார்.

"அப்போ அதுல என்ன தெரிஞ்சுச்சு?"

வழிகாட்டிகளுக்கு என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று நம் நிறுவனத்தில் விதி இருக்கிறது. அக்கா அந்த அம்மாவை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு முதல் குண்டிலிருந்து இரண்டாவது குண்டுவரை எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, அந்த அம்மாவுக்குப் புரியும்வரை சொன்னார். அக்காவை எங்கே ஒளித்துவைத்தார்களோ அந்த இடத்துக்கு மட்டும்தான் யார் வேண்டுமானாலும் வர முடியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

அந்தக் காவலரின் சாவு பற்றி விசாரணை வந்தது. அக்காவைச் சாட்சியாக யாரும் அழைக்கவில்லை. அவரே போய் நின்றார். அந்த அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார் என்றும் சொல்லலாம். நம் நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து சிரித்துக்கொண்டே கேட்டார். "நீங்க இப்போ அங்க வழிகாட்டிதானேம்மா?"

"ஆமா சார். வழி காட்டத்தான் வந்திருக்கேன்."

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என்ன ஆனது? அந்தச் சட்டைகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார்கள். தனிப்பட்ட முறையில் யாரும் பொறுப்பில்லை என்று முடிவு வந்தது. பொறுப்பில்லாதவர்கள் பதவி உயர்ந்தார்கள். வெளியாளிடம் தகவல் சொன்னதற்காக அக்கா மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அது முடியாமலேயே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா இல்லை. பணிமனைக்காரர்கள் நாலு பேரும் நானும் வாசல்வரை போனோம், அவ்வளவுதான். அவர் கண் மூடிய மறுவாரம் ஓர் ஆணை வந்தது. சம்பந்தப்பட்டவர் காலமாகிவிட்டதால் நடவடிக்கை கைவிடப்படுகிறதாம். இந்த நிறுவனம் அவரை மன்னிக்க அவர் சாக வேண்டியிருந்தது. அதே வாரத்தில்தான் இந்தப் படத்துக்குச் சட்டம் போடக் கடைக்கு ஆள் போனது.

மருத்துவமனையில் அவரைப் பார்த்ததைச் சொல்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர் நெஞ்சு எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "ஒண்ணும் பயப்பட வேண்டியதில்லம்மா" என்றார். அக்கா கையை நீட்டினார்.

"குடுங்க தம்பி. நிழல் படிச்சுத்தான் இத்தனை நாள் சாப்பிட்டேன்."

வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். நுரையீரலில் நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா எடுத்திருக்காங்க. ஆனா ரொம்ப மெதுவான மெஷின்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. சின்ன மகள் வெளியே போய்விட்டாள். இருமல் நின்றதும் என்னைப் பார்த்துக் கேட்டார். தன் உடம்பைப் பற்றி இல்லை.

"விதிய மாத்திட்டாங்களாடா? ரெண்டாவது குண்டு சேர்த்துட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்போ என்னத்துக்கு அந்த ஆளு செத்தாரு?" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். திருப்தியாகப் போனார், அமைதியாகப் போனார் என்று முன்னால் பேசியவர் சொன்னார். நான் அங்கே இருந்தேன். அவர் திருப்தியாகப் போகவில்லை. அவர் கோபத்தோடு போனார். அந்தக் கோபத்தையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கும் விதி ஒரு தகட்டுக்கு ஒரு தோட்டாதான். சென்ற மாதம் புதிதாக வந்த தகடுகளும் அப்படித்தான் தேறின. ஆய்வகத்துக்கு அக்காவின் பெயர் வைக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். எதற்கு ஐயா? அதே கட்டடத்தில் அதே ஒற்றைக் குண்டைச் சுட்டுவிட்டு, அறிக்கையின் தலைப்பில் அவர் பெயரையும் அச்சடிப்பதற்கா? செத்த பிறகு அவரிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறீர்களா?

அவருக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். என் பிரிவில் இருக்கும் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம். இனி எந்தத் தகட்டையும் உள்ளே படமெடுத்துப் பார்க்காமல், இரண்டாவது தோட்டாவைச் சுட்டுப் பார்க்காமல், தேறியது என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். பணிமனையும் எங்களோடு நிற்கிறது. எங்களை எங்கே மாற்றினாலும், அங்கே எங்களைத் தேடி வருகிறவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்வோம். எங்களுக்கும் நடவடிக்கை வரலாம். வரட்டும்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். நான் அதில் கலந்துகொள்ள மாட்டேன். இந்தக் கட்டடம் அவர் விஷயத்தில் வருடக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டது. அதோடு இன்னும் ஒரு நிமிடத்தைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

அந்த நிமிடத்தை வேறொருவருக்குத் தருகிறேன். கதவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நிற்கிறார். பேச்சாளர் வரிசையில் அவர் பெயர் இல்லை. இன்றைக்கும் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார். அந்தக் காவலரின் மனைவி.

வாங்கம்மா. வழி விடுங்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசுங்கள். உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள்.